ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் கூலி

கடலூர் சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்த என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. பெட்டிக்கு டேப் ஒட்டுவது, லேபிள் போடுவது, அடுக்குவது எல்லாம் இப்போது இயந்திரம்தான். பக்கத்தில் ஒரே ஒரு பையன் நிற்கிறான்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் கூட்டத்தில், "எல்லாருக்கும் மாதாமாதம் அடிப்படை வருமானம் கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன். "உழைக்காதவன் சாப்பிடக் கூடாதுன்னு பவுலடியாரே சொல்லியிருக்காரே" என்று ஒரு பெரியவர் மடக்கினார். சரி, பவுல் கண்டித்தது வேலை செய்யாமல் சோம்பித் திரிந்தவர்களை. ஆனால் இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில் (மத்தேயு 20) மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்கள், தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு முழு தெனாரியம், அதாவது ஒரு நாள் கூலி. காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுத்தது அங்கேயும் உண்டு!

எல்லாருக்கும் அடிப்படை ஊதியம் பற்றி யோசிக்கும் நேரமாக இது இருக்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2020 ஈஸ்டரன்று எழுதினார். பணம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பதை நான் நம்பவில்லை. 2023-இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை என் தங்கைக்கு வருகிறது. அதற்காக அவள் தையல் மிஷினை மூடி வைக்கவில்லை. அந்தப் பணம் சிலிண்டருக்கே சரியாகிவிடுகிறது.

ஆனால் அவள் வீட்டுக்காரர் இன்னும் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்கு எந்தத் தொகையும் மருந்தில்லை. வெல்டிங் பயிற்சியில் சேரச் சொல்லியிருக்கிறேன். பங்குச் சாமியாரிடமும் பேச வேண்டும்.