மார்க்கெட்டிங் பேராசிரியர் தேவை. எந்த மார்க்கெட்டிங்?

"பேராசிரியர், மார்க்கெட்டிங். முனைவர் பட்டம், பத்தாண்டு அனுபவம்." நம்மூர் பிசினஸ் ஸ்கூல் விளம்பரம் பெரும்பாலும் இவ்வளவுதான். விண்ணப்பம் குவியும்; வேண்டிய ஆள் அதில் இருக்கமாட்டார்.

மார்க்கெட்டிங் என்ற ஒரே பெயருக்குள் மூன்று கூட்டம் இருக்கிறது. நுகர்வோர் மனப்போக்கைப் பரிசோதனை வைத்து ஆராய்கிறவர்கள், விற்பனைத் தரவில் கணித மாடல் கட்டுகிறவர்கள், நிறுவனங்களின் சந்தை உத்தியைப் படிக்கிறவர்கள். முதல் கூட்டத்துக்கு முக்கிய ஆய்விதழ் 'ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்', இரண்டாவதற்கு 'மார்க்கெட்டிங் சயின்ஸ்'. எது குறைகிறது என்பதை உங்கள் டைம்டேபிளே சொல்லிவிடும். பிராண்ட் பாடத்துக்கு மூன்று பேர் இருக்க, அனலிட்டிக்ஸுக்கு வருடாவருடம் வெளியாள் வந்து போகிறாரா? அப்போது விளம்பரத்தில் அதை எழுதுங்கள். எழுதாவிட்டால் தேர்வுக்குழு நேர்காணல் அன்றுதான் தங்களுக்குள் மோதிக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் விதி. தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் 2019 விதிப்படி பத்தாண்டு அனுபவத்தில் குறைந்தது 3 ஆண்டு இணைப் பேராசிரியருக்கு நிகரான பதவியில் இருந்திருக்க வேண்டும். பெரிய கம்பெனியில் துணைத் தலைவராக இருந்தவர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுவார். அவர் வேண்டுமென்றால் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் கொண்டுவந்த 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' வழி இருக்கிறது: 15 ஆண்டுத் தொழில் அனுபவம் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் அதிகபட்சம் 4 ஆண்டுதான். ஆராய்ச்சியை வழிநடத்த வேண்டிய நாற்காலியில் அவரை உட்கார வைப்பது அவருக்கும் உங்களுக்கும் தண்டனை.

பயோடேட்டாவில் மொத்தக் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசி 5 ஆண்டை மட்டும் தனியாக எடுங்கள். ஆய்விதழ்களைத் தரம் பிரிக்கும் ஆஸ்திரேலியாவின் ஏபிடிசி பட்டியலில் உச்சத் தரமான ஏ-ஸ்டார் இதழ்களில் வந்தவை எத்தனை, அவற்றில் கூட எழுதியவர் யார்? எல்லாவற்றிலும் பழைய வழிகாட்டியின் பெயரே இருந்தால், இவர் தனியாக எதைத் தொடங்கினார் என்று நேரில் கேட்டுவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதைதான். அவர் கொடுத்த மூன்று பெயரும் புகழத்தான் செய்யும். கூட எழுதாத, அவரிடம் படிக்காத ஆட்களை நீங்களே தேடி, "உங்கள் துறையில் இவரை எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் வர இழுத்தாலே பாதி பதில் கிடைத்துவிட்டது.

இளையவர்களைப் பிடிக்க அமெரிக்கன் மார்க்கெட்டிங் அசோசியேஷனின் கோடை மாநாடு மாதிரி இடங்கள் உண்டு. மூத்தவர்களுக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. நல்ல வேலையில் இருப்பவர் விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பதில்லை. நீங்கள்தான் பத்துப் பதினைந்து பெயர் எழுதி, துறைத் தலைவரை விட்டே போன் செய்ய வைக்க வேண்டும். மனிதவளப் பிரிவிலிருந்து மெயில் போனால் அதோடு சரி.

வந்து பார்க்கச் சொல்லும் நாளில் கருத்தரங்கு ஒன்று, எம்பிஏ வகுப்பு ஒன்று, இரண்டும் வையுங்கள். கருத்தரங்கில் ஜொலிப்பவர் முதலாண்டு மாணவர்கள் முன் தடுமாறுவது உண்டு.

சம்பளம் பேசும்போது வகுப்புச் சுமை, ஆய்வு மாணவர்கள், கன்சல்டிங் வருமானத்தில் பங்கு என மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் இரண்டாம் ஆண்டிலேயே கிளம்பிவிடுவார். இப்போதைய இடத்தில் மூன்று மாத நோட்டீஸ் இருக்கலாம். ஏப்ரலில் ஆர்டர் கொடுத்து ஜூனில் வகுப்பெடு என்றால் நடக்காது. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருந்தால் சம்பளத்தை ஏற்றிப் பிரயோசனமில்லை. சேரும் தேதியை ஒரு வருடம் தள்ளிக் கொடுங்கள்.