மட்கார்டு வெடிப்பும் மதுரை வெயிலும்

மூன்றாவது முயற்சியில் என் காரின் இடப்பக்க முன் மட்கார்டு மறுபடி வெடிக்காமல் நின்றுவிட்டது. அழகர்கோவில் சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு, இன்று காலை விளக்கைப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மயிரிழை வெடிப்புகூட இல்லை.

வண்டி, லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரியாகக் கட்டப்பட்டது. உள்ளே மாருதி ஜிப்சியின் 1298 சிசி எஞ்சின். 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த முதல் தொடரில் மூக்குப் பகுதி அலுமினியம். 1960-இல் வந்த இரண்டாம் தொடரில்தான் மூக்கும் மட்கார்டும் பைபருக்கு (கண்ணாடி இழை) மாறின. ஆகவே பைபர் மட்கார்டு என்பதற்காக என் வண்டியை யாரும் குறைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

முதல் முறை ஒரு பட்டறையில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அதே இடத்தில் அதே நட்சத்திர வடிவத்தில் வெடித்தது. இரண்டாம் முறை நானே வெடிப்பை V வடிவில் கீறி, சித்திரை மாதத்து மதியத்தில் ஜெல்கோட் (பைபரின் மேல்பூச்சு) நிரப்பப் போனேன்; தூரிகையை எடுப்பதற்குள் குவளையில் இருந்தது இறுகிப் புகைந்தது.

அதன் பிறகுதான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம் மட்கார்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப்போட்டு, தாங்கு கம்பியின் போல்ட் இறங்கும் இடத்தை விரலால் தட்டி, "வெடிப்பு இங்கதான் பொறக்குது தம்பி, மேல தெரியுறது அதோட நிழல்" என்றார். வண்டியைக் கட்டியவர் அந்த இடத்தில் ஒரே ஓர் அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்திருந்தார். போதாததற்கு ஜெல்கோட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் கூடுதலாகப் பூசியிருந்தார். அரை மில்லிமீட்டர் போதுமான இடத்தில் அதைத் தடிமனாக்கினால், மட்கார்டு அதிரும்போது வளைந்துகொடுக்க முடியாமல் அது வெடிக்கத்தான் செய்யும்.

ஆகவே இம்முறை வேலை முழுவதும் பின்பக்கத்திலிருந்தே தொடங்கியது. போல்ட் துளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கிரைண்டரால் பளபளப்பு போகத் தேய்த்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் மூன்று அடுக்குகளை, ஒன்றைவிட அடுத்தது பெரியதாக, ஓரங்களைக் கத்தரிக்காமல் கையால் பிய்த்து வைத்தேன். நேரமும் அளவும்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியவை. மேட்டில் ஊற்றும் பிசினான ரெசினும் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்டும் சேரும்போது சூடு பிறக்கிறது; ஆழமான குவளையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இறுகலை மேலும் விரைவுபடுத்துகிறது. எனவே அகலமான தட்டில், ஒரு தடவைக்கு 100 கிராம் ரெசினுக்கு மேல் கலக்காமல், கேட்டலிஸ்டை 1 சதவீதத்தோடு நிறுத்தி, விடியற்காலை 5 மணிக்கே வேலையை ஆரம்பித்தேன். இறுகலை முடுக்கும் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினைத்தான் வாங்குகிறேன். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துவிடும் என்பதால், தனித்தனிப் புட்டிகளை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

முன்பக்க ஜெல்கோட் காற்றுப் படும் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதற்கு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓஎச்பி தாளை (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) மேலே வைத்து, குமிழி இல்லாமல் நீவி ஒட்டிவிட்டேன். மறுநாள் உரித்தபோது கண்ணாடி போல வந்தது. பிறகு 400, 800, 1200 எண் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) தேய்த்து, நிறத்தை ஒப்பிடுவதற்குள் இரண்டு ஞாயிறுகள் போயின.

ரெசின் வாங்குவோர் கேட்டலிஸ்ட் புட்டியின் தயாரிப்புத் தேதியைக் கட்டாயம் பாருங்கள். உள்ளூர்க் கடை ஒன்றில், கூரைத் தகட்டின் கீழ் வெயிலிலேயே கிடந்த பழைய புட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதை ஊற்றிய மேட் இரண்டு நாள் ஆகியும் இறுகவில்லை. இப்போது மண்டபத்து அண்ணனுக்கு வரும் சரக்கிலிருந்தே பங்கு வாங்கிக்கொள்கிறேன். பேருந்துச் செலவு கூடினாலும் சரக்கு புதியது.

தாங்கு கம்பிக்கும் மட்கார்டுக்கும் இடையில் ரப்பர் புஷ் வைக்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் உறை எதுவும் கிடைக்காததால், கப்பலூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் எஃகு உறை நான்கு கேட்டிருக்கிறேன். பின் அச்சிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் எழும் ஊளைச் சத்தத்தையும் இந்த ஆடிக்குள் கண்டுபிடித்துவிட நினைக்கிறேன். ஆனால் வலப்பக்க மட்கார்டிலும் அதே போல்ட்டைச் சுற்றி மூன்று கீற்றுகள் ஓடத் தொடங்கியிருப்பதை நேற்றுதான் பார்த்தேன். அதைக் கழற்றித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளை விடியற்காலை கிரைண்டரை எடுக்க வேண்டும்.