எஃப்4-உம் ஜிஎஸ்டியும்

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள ஒரு சரக்கு நிறுவனத்தில் பில் போடுவது என் வேலை. நாள் முழுக்க எக்செல்தான். ஒரு கண் டெலிவரி ஆர்டரில், இன்னொரு கண் திரையில். நடுவில் மவுஸைத் தேடிக் கை போனால் எந்த வரியில் இருந்தேன் என்பதே மறந்துவிடும். மவுஸைத் தொடாமல் வேலையை முடிக்கும் குறுக்குவிசைகள் மேல் எனக்குப் பிரியம் வந்தது அதனால்தான், வேகத்துக்காக இல்லை. இரண்டு விநாடி மிச்சம் பிடித்து எங்கள் அலுவலகத்தில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனதில்லை.

அவற்றில் எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டால், என் ஓட்டு எஃப்4-க்கு. ஃபார்முலா எழுதும்போது செல்லின் (கட்டத்தின்) பெயரில் கர்சரை வைத்து அதைத் தட்டினால் டாலர் குறிகள் வந்து உட்காரும். அப்புறம் ஃபார்முலாவை எத்தனை வரிக்கு இழுத்தாலும் அந்தச் செல் நகராது. ஜிஎஸ்டி விகிதத்தை நான் தாளின் மேலே ஒரே செல்லில் வைத்திருக்கிறேன். 2023 ஜனவரியில் 7 விழுக்காடு 8 ஆனது, 2024 ஜனவரியில் 9 ஆனது. இரண்டு முறையும் புதுக் கோப்பு திறந்து (பழைய பில்கள் மாறிவிடக் கூடாதே) அந்த ஒரு செல்லைத் திருத்தினேன். வேலை முடிந்தது. பக்கத்து மேசை அண்ணன் ஒவ்வொரு வரியிலும் 0.07 என்று தட்டி வைத்திருந்தார். கண்ட்ரோல் எச் போட்டுத் தேடித் தேடி மாற்றிக்கொண்டிருந்தார், பாவம். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் எஃப்4 வேலை செய்யும். யார் யோசனையோ அது!

தேதிக்குக் கண்ட்ரோலும் அரைப்புள்ளியும். இன்றைய தேதி விழும், விழுந்தது அப்படியே நிற்கும். 'டுடே' ஃபார்முலா போட்டால் நாளைக்குத் திறக்கும்போது நாளைய தேதியைக் காட்டும். பில்லுக்கு அது ஆகாது.

புதிதாகச் சேர்ந்த தம்பி, "அக்கா, எல்லாத்தையும் ஒரு தாளில எழுதிக் குடுங்க" என்றான். மாட்டேன் என்றேன். தாளைப் பார்த்து விசை தட்டுவதற்கு மவுஸே மேல். அவன் அன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது அஞ்சல் குறியீட்டோடு. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து முகவரிகளுக்கு ஆறு இலக்கத்தில் முதலாவது சுழியம். எக்செல் அதை விழுங்கிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் 1 அழுத்தி, 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். அதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

விண்டோஸ் விசையும் வி-யும் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரை பட்டியலாக வரும். முதல் தடவை மட்டும் அதை இயக்கிவிட வேண்டும். எங்கள் யுஇஎன் எண்ணை (நிறுவனப் பதிவு எண்) அந்தப் பட்டியலில் பின் செய்து வைத்திருக்கிறேன், கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. ஆனால் கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் அந்தப் பட்டியலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடும். எழுந்து போகும்போது விண்டோஸ் எல் போட்டுத் திரையைப் பூட்டுங்கள்.

வீட்டில் தமிழுக்கு மாற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையில் 'அம்மா' என்று தட்ட ம-வை இரண்டு முறை அழுத்தினால் போதும், முதல் ம-வுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். 'பந்து', 'நண்டு' எல்லாவற்றிலும் புள்ளி அப்படித் தானாகத்தான் வரும். இந்தப் பதிவையும் அதில்தான் தட்டினேன்.