பெயர் கேட்காமல் வாசகரை எண்ணுதல்

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் எவருக்கும், அதை யாரேனும் படிக்கிறார்களா என்று அறியும் ஆவல் இருக்கும். அந்த ஆவலுக்கு விடை தரும் தரவு பொதுவெளியில் இருப்பதை எழுதுபவர்களிலேயே பலர் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பின் வழங்கிகளைப் பராமரித்தவர்களுள் ஒருவரான டோமாஸ் மிட்டுசாஸ் 2007 டிசம்பரில் பக்கப் பார்வைகளின் மணிவாரி எண்ணிக்கைகளை வெளியிடத் தொடங்கினார். இன்றோ, 2015 ஜூலை முதலான பக்கப் பார்வைகளை, எந்தக் கட்டுரைக்கும் நாள்வாரி வரைபடமாகப் பார்க்க முடிகிறது.

அந்த வரைபடத்தில் திடீரென எழும் உச்சங்களுக்கு நான் அதிக மதிப்பளிப்பதில்லை. ஒரு நடிகர் மறைந்த நாளிலோ தேர்தல் முடிவு வெளியான நாளிலோ ஏறும் கோடு சில நாட்களில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். மாறாக, ஒளிச்சேர்க்கை, சங்க இலக்கியம் போன்ற கட்டுரைகளை நாடி ஆண்டு முழுவதும் சிறு எண்ணிக்கையில் வந்துகொண்டேயிருக்கும் வாசகர்களே கட்டுரையின் தரத்தை உண்மையில் நம்பியிருப்பவர்கள். வழிமாற்றுகளின், அதாவது வேறு தலைப்பில் தேடுபவரை அதே கட்டுரைக்கு அனுப்பும் பக்கங்களின், பார்வை எண்ணிக்கையையும் உடன் பார்க்க வேண்டும். ஐதராபாத்து என்று தேடுபவரும் ஹைதராபாத் என்று தேடுபவரும் ஒரே கட்டுரையை அடைந்தாலும், அவர்கள் வந்த தலைப்புகள் தனித்தனியாகவே கணக்கிடப்படுவதால், முதன்மைத் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு முழு எண்ணிக்கை கிடைக்காது.

பார்வைகளை எண்ணுவது எளிது, ஆட்களை எண்ணுவதுதான் கடினம். இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளப்படுத்தும் ஐபி முகவரியை வைத்து எண்ணினால், கைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால் பலர் ஒருவராகிவிடுவார்கள். பெரும்பாலான வணிகத் தளங்கள் ஒவ்வோர் உலாவிக்கும் ஓர் அடையாள எண்ணை வழங்கி, அதைப் பின்தொடர்ந்து இச்சிக்கலைத் தீர்க்கின்றன. விக்கிமீடியா 2016இல் அறிமுகப்படுத்திய முறையில் அத்தகைய எண் எதுவும் இல்லை. உலாவியில் தளம் சேமித்து வைக்கும் சிறு குறிப்பான குக்கியில் கடைசியாக வந்த தேதி மட்டுமே இருக்கும்; அடுத்த முறை அந்த உலாவி வரும்போது குக்கியிலுள்ள தேதி இன்றைய தேதிக்கு முந்தையதாக இருந்தால், இன்றைய கணக்கில் ஒரு கருவி (கைபேசியோ கணினியோ) கூட்டப்படும், இன்றைய தேதியாகவே இருந்தால் கூட்டப்படாது. குக்கியே இல்லாமல் வரும் கோரிக்கைகளுக்குத் தனியாக ஒரு மதிப்பீடு சேர்க்கப்படுகிறது. நேற்று படித்தவர் எந்தக் கட்டுரையைப் படித்தார் என்பது அந்தக் குக்கியில் எங்கும் இல்லை, ஆனாலும் எத்தனை கருவிகள் வந்தன என்பது தெரிந்துவிடுகிறது. வாசகரைப் புரிந்துகொள்ள அவரைக் கண்காணித்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரிந்து இல்லை. (ஒருவரே கைபேசியிலும் கணினியிலும் படித்தால் இரண்டாக எண்ணப்படுவார் என்ற குறை உண்டு, அதனால்தான் விக்கிமீடியா அமைப்பினர் இதை வாசகர் எண்ணிக்கை என்று சொல்லாமல் கருவிகளின் எண்ணிக்கை என்றே வெளியிடுகிறார்கள்.)

எந்த நாட்டில் எந்தக் கட்டுரை படிக்கப்படுகிறது என்ற தரவை 2023இல் வெளியிட்டபோதும் இதே அக்கறை காட்டப்பட்டது. எண்களில் சிறிதளவு தற்செயல் பிழையைக் கணித முறைப்படி கலந்து, மிகச் சிறிய எண்ணிக்கைகளை விட்டுவிட்டே வெளியிட்டார்கள். தமிழர் குறைவாக வாழும் ஒரு நாட்டில் இரண்டு மூன்று பேர் படித்த தமிழ்க் கட்டுரை அதில் தென்படாது. அரசியல் சிக்கல் மிகுந்த தலைப்புகளைத் தேடிப் படிக்கும் அந்த ஓரிருவரை யாரும் அடையாளம் காண முடியாமல் இருப்பது, எனக்கு ஒரு விவரம் கிடைக்காமல் போவதைவிட முக்கியமானது என்றே கருதுகிறேன்.

இப்போது கணக்கைப் பெரிதும் குழப்புபவை, மனிதரின்றித் தாமே பக்கங்களைத் திறக்கும் தானியங்கி நிரல்கள். தம்மை நிரல் என்று அறிவித்துக்கொள்பவற்றைப் பிரிப்பது எளிது. மனிதரைப் போல நடிப்பவற்றுக்காக 2020இல் தனி வகையே உருவாக்கப்பட்டது. அதுவும் போதவில்லை. 2025 மே மாத வாக்கில், பெரும்பாலும் பிரேசிலிலிருந்து, மனிதர்களுடையவை போலத் தோன்றிய பார்வைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகின. கண்டறியும் முறையைத் திருத்தி மறுபடி கணக்கிட்டபோது, அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி நிரல்களுடையது என்பதும், உண்மையான மனிதப் பார்வைகள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்திருந்தன என்பதும் தெரியவந்தன. வளர்ச்சி என்று எண்ணி மகிழ்ந்திருக்கக்கூடிய ஒரு கோடு உண்மையில் சரிவை மறைத்திருக்கிறது.

தமிழ்க் கட்டுரைகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் நாளொன்றுக்குச் சில பத்துப் பார்வைகளே பெறும் பக்கத்தில் ஒரே ஒரு நிரல் முழு வரைபடத்தையும் மாற்றிவிடும். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதிகம் பார்க்கப்பட்ட கட்டுரைகளின் வாராந்தர முதல் 25 பட்டியலைத் தயாரிப்பவர்கள், ஏறக்குறைய எல்லாப் பார்வைகளும் கணினியிலிருந்தோ அல்லது எல்லாமே கைபேசியிலிருந்தோ வந்த கட்டுரைகளை ஐயத்துக்குரியவை என நீக்குகிறார்கள். நானும் அதையே பின்பற்றுகிறேன். ஒரு கட்டுரைக்குக் கணினிப் பார்வைகள் பல மடங்கு ஏறியும் கைபேசிக் கோடு அசையாமல் கிடந்தால், அதை வாசகர் ஆர்வமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் சேர்ந்து மெல்ல ஏறும் கட்டுரையையே அடுத்து விரிவாக்குவதற்குத் தேர்ந்தெடுக்கிறேன்.