தோள் போன பிறகு

ஜனவரி 14, 2019
பேஸ்பாலில் பிட்சராக (பந்து வீசுபவராக) ஆடி, பிறகு பிட்சர்களுக்குப் பயிற்சி தந்த மெல் ஸ்டாட்டில்மையர் காலமானதாக நியூயார்க் யாங்கீஸ் அணி இன்று அறிவித்திருக்கிறது. வயது 77. ரத்தப் புற்றுநோயோடு ஏறக்குறைய இருபது வருடம் மல்லுக்கட்டியவர். நான் படித்த செய்திகளிலெல்லாம் பயிற்சியாளராக அவர் வென்ற ஐந்து உலகத் தொடர்கள்தான் (அமெரிக்க பேஸ்பாலின் வருடாந்திர இறுதிப் போட்டி) பெரிதாக வருகின்றன: 1986-ல் மெட்ஸ் அணியோடு, 1996, 1998, 1999, 2000-ல் யாங்கீஸோடு. பிட்சராக ஆடிய காலத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை.

ஜனவரி 15
பொங்கல். வாழ்த்து போன்களுக்கு நடுவே பழைய ஸ்கோர் பட்டியல்கள். 1964 ஆகஸ்டில் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகிலிருந்து அவரை யாங்கீஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்; இவருக்கு வந்ததும் 9 வெற்றி, 3 தோல்வி. அக்டோபரில் உலகத் தொடர். எதிரே கார்டினல்ஸ் அணியின் பிட்சர் பாப் கிப்ஸன். 22 வயசுப் பையன் அவரோடு மூன்று முறை மோதினான். இரண்டாம் ஆட்டத்தில் ஜெயித்தான். ஏழாவதில், இரண்டே நாள் ஓய்வோடு இறங்கித் தோற்றான்.

அதன்பின் 1976 வரை யாங்கீஸ் உலகத் தொடர் பக்கமே போகவில்லை. இவர் ஆடியது முழுக்க அந்த வறட்சியில். 1966-ல் அணிக்குக் கடைசி இடம், இவருக்கு 20 தோல்வி. அந்த வருஷமும் லீகின் சிறந்த வீரர்களைச் சேர்க்கும் ஆல்-ஸ்டார் அணியில் இருந்தார்! மூன்று சீசன்களில் 20 வெற்றியைத் தொட்டவர்.

ஜனவரி 17
அவருடைய ஆயுதம் சிங்கர் (sinker) என்ற வகைப் பந்து. அடிப்பவர் மட்டையைச் சுழற்றும் நேரத்தில் பந்து சட்டென்று இறங்கும். மட்டை பந்தின் மேல்பாதியில் பட, பந்து தரையில் உருளும். உள்வட்டத்தில் நிற்பவர் பொறுக்கி, அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு எறிவார். குறைந்த பந்தில் அவுட், கைக்கும் மிச்சம். ஆனாலும் 1974-ல் தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. அன்றைக்கு அதைச் சரிசெய்ய நம்பகமான அறுவை சிகிச்சை கிடையாது. அடுத்த மார்ச்சில் யாங்கீஸ் அவரை விடுவித்துவிட்டது. வயது 33. அந்த மனக்கசப்பு வெகுகாலம் இருந்தது.

ஜனவரி 19
இன்று முழுக்க பிட்சர் ட்வைட் கூடன் விவகாரம். 1985-ல் மெட்ஸுக்காக 24 வெற்றி, 4 தோல்வி, 268 ஸ்ட்ரைக் அவுட் (அடிப்பவர் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறுவது), ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.53. அப்போது அவருக்கு வயது இருபது. மறுவருஷம் பயிற்சியாளர் ஸ்டாட்டில்மையர், எல்லாரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கத் தேவையில்லை, இன்னொரு வகைப் பந்தும் பழகு என்றார். ஸ்ட்ரைக் அவுட் 200-ஆகக் குறைந்தது, சராசரி 2.84-க்கு ஏறியது. பொன் முட்டையிடும் வாத்தை அறுத்துவிட்டார் என்று இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு.

நான் அவர் பக்கம்தான். தன் தோளை முப்பத்திரண்டில் பறிகொடுத்தவர், இருபது வயசுக்காரன் அத்தனை பந்து வீசுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? 1991-ல் கூடனுக்கும் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. கூடனைச் சாய்த்ததில் போதைக்குப் பெரிய பங்கு. அதையும் பயிற்சியாளர் தலையில் கட்டுவது அநியாயம். 1996 மே 14 அன்று யாங்கீஸ் சட்டையில் கூடன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தபோது, அங்கேயும் பயிற்சியாளர் இதே ஆள்தான்.

ஜனவரி 20
2015-ல் யாங்கீஸ் மைதானத்தில் நடந்த பழைய வீரர்கள் விழாவில் அவருக்குச் சொல்லாமலேயே ஒரு நினைவுப் பலகை திறந்தார்கள். இனி இந்த விழாவுக்கு வர முடியாமல் போனால் மேலே போய் ஒரு அணி தொடங்கிப் பயிற்சி கொடுப்பேன் என்றார்.

இன்னொன்று விட்டுப்போச்சு. 1965 ஜூலை 20, ரெட் சாக்ஸ் அணிக்கு எதிராக மூன்று பேஸிலும் சக வீரர்கள் நிறைந்திருக்க, பந்து மைதானத்தைத் தாண்டாமலேயே எல்லா பேஸையும் ஓடி ஓடிச் சுற்றி ஹோம் ரன் எடுத்தார். ஒரு பிட்சர்! 1973-ல் அமெரிக்கன் லீகில் பிட்சருக்குப் பதில் வேறு ஆள் அடிக்கும் விதி வந்தது. நல்ல விதி என்கிறார்கள். சரி, இருக்கட்டும்.