பாதி போதாது என்று அடம்பிடித்த சர்வர்

இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் வேலை பார்த்த ஆபீஸில் பல தேயிலைத் தோட்டங்களின் செக்ரோல் கணக்கும், அதாவது தொழிலாளர்களின் வருகை, சம்பளப் பதிவும், ஒரே ஒரு சன் வி240 சர்வரில்தான் ஓடியது. சோலாரிஸ் 10 என்ற ஓஎஸ், இரண்டு டிஸ்க், அதன் வால்யூம் மேனேஜரில் மிரர், அதாவது ஒரே தரவு இரண்டு டிஸ்க்கிலும். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும் என்று பெரிய கிளாக்கரிடம் மார்தட்டிச் சொன்னது நான்தான்.

ஒரு மாதம் 8ஆம் திகதி பின்னேரம் இடி மின்னலோடு கரண்ட் போனது, யூபிஎஸ் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கைவிரித்தது. கரண்ட் வந்ததும் சர்வரைப் போட்டால், பழுது பார்க்க மட்டும் உதவும் சிங்கிள் யூசர் மோடில் வந்து நின்றுகொண்டு ரெப்ளிக்கா போதவில்லை, உடைந்ததை நீக்கு என்கிறது. 10ஆம் திகதி சம்பளம்.

பெரிய கிளாக்கர் ஓடி வந்தார். "தம்பி, புள்ளைகளோட பேர் எல்லாம் இருக்கா, போயிருச்சா?" தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு.

"இருக்குங்க ஐயா. எழும்பத்தான் மாட்டேங்குது."

விஷயம் இதுதான். மிரர் பற்றிய விபரங்களை வால்யூம் மேனேஜர் ரெப்ளிக்கா என்ற சின்னச் சின்னப் பிரதிகளில் எழுதி வைக்கும். நான் டிஸ்க்குக்கு 3 வீதம் மொத்தம் 6 போட்டிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது பாதி இருந்தால் போதும், பாதிக்கும் கீழே போனால்தான் பேனிக் ஆகும், அதாவது சர்வர் தானே நின்றுவிடும். ஆனால் புதிதாக எழும்ப பாதியும் ஒன்றும் வேண்டும், அதாவது 4. வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் கொப்பியில் ஒரு பேர், செக்ரோலில் அரைப் பேர் என்று இருந்தால் எதை நம்புவது? மூன்றாவது கொப்பி ஒன்று இருந்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம். அதே நியாயம்தான் இங்கேயும்.

வயிற்றைக் கலக்கியது வேறொன்று. லாக்கைப் புரட்டினால், இரண்டாவது டிஸ்க் செத்தது இடியில் அல்ல, அதற்கு 11 நாளைக்கு முந்தி. மிரர் தன் வேலையை அவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை, மிரரின் நிலையைக் காட்டும் மெட்டாஸ்டாட் கட்டளையை அடித்துப் பார்க்க வேண்டிய நானும் பார்க்கவில்லை.

மெட்டாடிபி -டி என்ற கட்டளை கொடுத்து செத்த டிஸ்க்கின் 3 பிரதிகளையும் நீக்கி ரீபூட் செய்தேன், எழும்பிவிட்டது. மறுநாள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் டிஸ்க் வந்தது. பார்ட்டிஷன் அட்டவணையை நல்ல டிஸ்க்கிலிருந்து எஃப்எம்டிஹார்ட் கட்டளையால் புதியதில் இறக்கி, ரெப்ளிக்காக்களைத் திரும்பச் சேர்த்து, புதியதை மிரரில் இணைக்க மெட்டாரிப்ளேஸ் -இ. அப்புறம் பூட் பிளாக்கை எழுத இன்ஸ்டால்பூட். இதை மறந்தால் மிரர் இருக்கும், ஆனால் அந்த டிஸ்க்கிலிருந்து சர்வர் பூட் ஆகாது.

சரி, புது டிஸ்க்குக்குத் தரவைப் பிரதியெடுக்கும் ரீசிங்க் ஓடுகிறது, சம்பளக் கணக்கும் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து யாரோ வருடாந்தக் கொழுந்து ரிப்போர்ட் ஒன்றைத் தட்டிவிட, சிபியூவில் பாதியை அது பிடித்துக்கொண்டது. நல்லவேளை, சிபியூவைப் பங்குப்படி பிரித்துக் கொடுக்கும் ஃபேர் ஷேர் ஷெட்யூலரை முந்தியே போட்டிருந்தேன். சம்பளத்துக்கு ஒரு புராஜெக்ட் (வேலைகளின் குழு), ரிப்போர்ட்டுக்கு ஒன்று, பங்கு மட்டும் நான் கொடுக்காததால் இரண்டுக்கும் சமம். பிஆர்சிடிஎல் கட்டளையால் அங்கேயே சம்பளத்துக்கு 30, ரிப்போர்ட்டுக்கு 10 என்று வைத்தேன். லயத்துப் பீலி மாதிரி அது, வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய். ஆள் இல்லாவிட்டால் யாரும் எவ்வளவும் பிடிக்கலாம், கூட்டம் வந்தால்தான் முறை. இரண்டும் முட்டினால் சம்பளத்துக்கு முக்கால் பங்கு, சம்பளம் முடிந்துவிட்டால் ரிப்போர்ட்டுக்கே முழுச் சிபியூவும். உச்சவரம்பு போட்டுக் கட்டி வைப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் இந்தப் பங்கு சிபியூவுக்கு மட்டும்தான். டிஸ்க்கில் ரீசிங்க் அடித்த அடியில் சம்பளக் கணக்கும் நொண்டி நொண்டித்தான் போனது.

கிளாக்கர் ஐயா பிளேன்டீ கிளாஸோடு பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ரீசிங்க் 41 சதவீதம் என்று நின்ற திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியல் பிரிண்ட் ஆகி முடியும்போது விடிய 3 மணி. அன்றைக்கே, மெட்டாஸ்டாட்டில் பழுது என்று ஒரு வரி வந்தாலும் எனக்கு மெயில் அடிக்கும்படி, நேரம் வைத்துக் கட்டளை ஓட்டும் கிரானில் ஒன்று எழுதினேன், வி240இல் சும்மா கிடந்த மூன்றாவது இடத்தில் ஒரு பழைய டிஸ்க்கைச் செருகி ரெப்ளிக்காக்களை டிஸ்க்குக்கு 2 வீதம் பிரித்துப் போட்டுவிட்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.