கொலராடோவின் புல்தரைத் தடை: சட்டம் சொல்வதும் தரையில் செய்ய வேண்டியதும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தண்ணீரைச் சேமிக்க 2024-இல் நிறைவேறிய செனட் மசோதா 24-005 பற்றிப் பேச்சு வந்தாலே "இனி புல்லே வளர்க்கக் கூடாதாம்" என்று சுருக்கிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இருக்கும் புல்தரையைப் பிடுங்கச் சொல்லவில்லை, தனி வீட்டுத் தோட்டத்தில் கை வைக்கவும் இல்லை. 2026 ஜனவரி 1 முதல், புதிதாகக் கட்டும்போதோ மாற்றிக் கட்டும்போதோ, வணிக வளாகம், தொழிற்சாலை, நிறுவன நிலங்கள், குடியிருப்போர் சங்கப் பொது இடங்கள், சாலையோரம், நடுத்திட்டு, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றில் மூன்றுக்கு இடமில்லை: பயன்பாடற்ற புல்தரை, செயற்கைப் புல், ஆக்கிரமிப்புத் தாவரங்கள். 2025-இல் வந்த இன்னொரு சட்டம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் 2028 முதல் இதில் சேர்க்கிறது.

விளையாட்டுத் திடல், சிறுவர் பூங்கா, பந்து மைதானம் போல மக்கள் வழக்கமாகப் புழங்கும் இடத்தில் புல் இருக்கலாம். செயற்கைப் புல்லுக்கும் விளையாட்டு மைதானத்தில் விலக்கு உண்டு. அறுப்பவரைத் தவிர யாரும் கால் வைக்காத புல்தான் குறி.

வரையறையை நிதானமாகப் படிக்க வேண்டும். மண்ணுக்கு அயலான, வறட்சிக்கென்று கலப்பினம் செய்யப்படாத புற்களைத்தான் சட்டம் 'புல்தரை' என்கிறது. வழக்கமான புல்வெளிப் புல்லான கென்டக்கி புளூகிராஸ் அதில் மாட்டும். புளூ கிராமா, பஃபலோ கிராஸ் இரண்டும் அந்த மண்ணின் புற்கள். அவற்றுக்குத் தடை இல்லை. பசுமை வேண்டும் என்பவர்களுக்கு வழி இங்கேதான் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் இடம் முழுக்கச் சரளைக்கல்லைக் கொட்டுவது வீண்வேலை. கல் வெயிலைச் சேமித்துக் கட்டடத்தையும் மரத்தையும் வாட்டும். கல்லுக்கு அடியில் துணி விரித்தாலும் மேலே படியும் புழுதியிலேயே களை முளைக்கும்.

நெவாடாவின் 2021 சட்டம் இதைவிடக் கடுமையானது. லாஸ் வேகாஸ் பகுதியில், தனி வீடுகள் நீங்கலாக மற்ற இடங்களில், ஏற்கெனவே இருக்கும் அலங்காரப் புல்லுக்கும் 2027 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்ச முடியாது. அங்கே ஒரு சதுர அடிப் புல் ஆண்டுக்கு ஏறக்குறைய 73 கேலன் குடிக்கிறது, பாலைத் தோட்டத்துக்கு 18 கேலன் போதும் என்பது அங்குள்ள நீர் ஆணையத்தின் கணக்கு.

செடிகளில் ஏமாறுவது எளிது. மிர்ட்டில் ஸ்பர்ஜ் வறட்சி தாங்கும் அழகுச்செடி என்று விற்கப்பட்டதுதான்; இன்று கொலராடோவின் களைப் பட்டியல்களில், அடியோடு ஒழிக்க வேண்டிய 'ஏ' பட்டியலில் இருக்கிறது. அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. ரஷ்யன் ஆலிவ், டாமரிஸ்க் இரண்டும் மேலும் பரவாமல் தடுக்க வேண்டிய 'பி' பட்டியலில். 'காட்டுப்பூ விதைக்கலவை' வாங்கினால் உறையில் ஆக்ஸ்ஐ டெய்சி, டேம்ஸ் ராக்கெட் என்ற ஆக்கிரமிப்புச் செடிகள் இருக்கின்றனவா என்று பெயர் பெயராகப் பாருங்கள்.

புளூகிராஸை எடுத்துவிட்டு மண்ணின் புல்லை விதைப்பதாக இருந்தால், முதலில் தண்ணீரை நிறுத்தாதீர்கள். காய்ந்து உறங்கும் புல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உறிஞ்சாது. நன்றாகப் பசுமையாக இருக்கும்போது தெளித்து, மறுபடி துளிர்த்தால் இன்னொரு முறை தெளிக்க வேண்டும். மருந்து வேண்டாம் என்றால் கோடை உச்சத்தில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை நான்கு முதல் ஆறு வாரம் இறுக்கமாக மூடலாம். செத்த புல்லின் மேல் ஆழ உழ வேண்டாம். புதைந்து கிடக்கும் களைவிதையெல்லாம் மேலே வந்துவிடும். புளூ கிராமாவும் பஃபலோ கிராஸும் வெப்பகாலப் புற்கள் என்பதால் மண் 60 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்ட பிறகு, மே நடுவிலிருந்து ஜூன் முடிய விதைக்கலாம். 1,000 சதுர அடிக்கு 2 முதல் 3 பவுண்டு விதை, கால் முதல் அரை அங்குல ஆழம். முளைக்கும் வரை மேல்மண் காயக் கூடாது. அந்த ஆண்டு முளைதடுப்புக் களைக்கொல்லி போட்டிருந்தால் நீங்கள் போட்ட விதையும் முளைக்காது.

புதர்ச்செடிகளுக்குச் சொட்டுநீர் போடுகிறவர்கள் பழைய தூவான் குழாயிலேயே அதைக் கோத்துவிடுகிறார்கள். சொட்டுநீருக்கு வடிகட்டியும், அழுத்தத்தை 20 முதல் 30 பிஎஸ்ஐக்குள் வைக்கும் குறைப்பானும் வேண்டும். தூவானும் சொட்டுக்குழாயும் ஒரே வால்வில் இருக்கக் கூடாது. ஒன்றின் நேரம் மற்றதற்குப் பொருந்தாது.

அதிக நஷ்டம் மரங்களால்தான் வருகிறது. இத்தனை ஆண்டும் அவை புல்லுக்கு விட்ட தண்ணீரில் வாழ்ந்தவை. புல் போனதும் குழாயையும் அடைத்தால் ஓரிரு கோடைக்குள் நுனியிலிருந்து காயத் தொடங்கும். தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 10 கேலன் என்று கணக்கிட்டு, அடித்தண்டில் ஊற்றாமல், கிளை விரிந்த வட்டத்தின் விளிம்பு வரை மெதுவாக, ஓரடி ஆழம் நனையப் பாய்ச்சுங்கள். மூன்று நான்கு அங்குலம் மரச்சீவல் மூடாக்கு போடலாம், ஆனால் தண்டைத் தொடக் கூடாது. அக்டோபர் முதல் மார்ச் வரை பனியோ மழையோ இல்லாத மாதங்களில், 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெப்பம் உள்ள நாளாகப் பார்த்து, மாதம் ஓரிரு முறை பகலிலேயே பாய்ச்ச வேண்டும். ஒப்பந்தக்காரரின் வேலைப்பட்டியலில் மரங்களுக்கான தனி வால்வு இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.